பொங்கலுக்கு முன்பே முடிவு எடுப்போம்: ஊர்த் தண்ணீர் நிலவரம்

ஊர் உறவுகள் எல்லோருக்கும் வணக்கம்.

வானிலை வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு இந்த வருஷம் பஞ்சம்தான் என்று பாதிப் பேரும், இல்லை வெளுத்து வாங்கப் போகிறது என்று மீதிப் பேரும் மடல் போட்டிருக்கிறீர்கள். அதை விட்டுவிட்டு, நம்ம ராமநாதபுரம் சீமைக்கு வறட்சி வருமா என்பதை எந்த மாதம் எதைப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்று எழுதுகிறேன். சித்திரையில் கிணறு வற்றிய பிறகு வெளியில் இருக்கும் நாம் ஊருக்குப் பணம் அனுப்பினால் அது லாரித் தண்ணீருக்கு மட்டும்தான் ஆகிறது, அதே பணம் தையில் போனால் எவ்வளவோ செய்யலாம்.

முதலில் பார்க்க வேண்டியது தேக்கடிப் பக்கம். ஆனி, ஆடியில் பெய்யும் தென்மேற்கு மழையில் பெரியாறு அணை நிறைந்து, அந்தத் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கம்பம் பக்கம் இறங்கி வைகை அணைக்கு வருகிறது. பெரியாறில் 142 அடி வரை தேக்கலாம் என்று 2014ல் உச்ச நீதிமன்றம் சொன்னது, வைகையின் முழு உயரம் 71 அடி. புரட்டாசி முடியும்போது இந்த இரண்டு அளவையும் பேப்பரில் பார்த்தாலே கார்த்திகையில் நமக்குத் திறப்பார்களா என்று ஓரளவு தெரிந்துவிடும். வைகையின் பூர்வீகப் பாசனத்தில், அதாவது பழங்காலத்திலிருந்தே ஆற்றுத் தண்ணீர் பாயும் நிலங்களுக்கான பங்கீட்டில், ராமநாதபுரத்துக்கு 7 பங்கு, சிவகங்கைக்கு 3, மதுரைக்கு 2 என்று கணக்கு. பங்கு பெரிசுதான், ஆனால் கடைமடை நாம். ஆற்று மணல் குடித்தது போக மிச்சம், தண்ணீரைப் பிரித்து விடும் பார்த்திபனூர் மதகணைக்கு வந்து, கால்வாயில் பிரிந்து, வரத்துக்காலில் சீமைக்கருவேலம் அடைத்துக் கிடக்கிற இடத்தையெல்லாம் தாண்டித்தான் நம் கண்மாயில் விழ வேண்டும். அதனால் அணை நிறைந்துவிட்டது என்ற செய்தியைப் பார்த்து யாரும் நிம்மதியாகிவிட வேண்டாம்.

அடுத்தது நம்மூர் மழை. வானிலைத் துறை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மாவட்டவாரியாக மழைக் கணக்கு வெளியிடுகிறது. வழக்கத்தைவிட 20 சதவீதம் குறைந்தாலே அது பற்றாக்குறை, 60ஐத் தாண்டினால் கடும் பற்றாக்குறை. 2016ல் தமிழ்நாடு முழுக்க இந்த மூன்று மாத மழை 62 சதவீதம் குறைந்து, 2017 ஜனவரியில் எல்லா மாவட்டத்தையும் வறட்சி என்று அரசு அறிவித்தது. ஆனால் மொத்தக் கணக்கு மட்டும் போதாது. நம்மாட்கள் புழுதியில் விதைத்துவிட்டு மழைக்குக் காத்திருப்பவர்கள், முதல் மழையில் முளைத்த பயிர் அப்புறம் மூன்று வாரம் ஈரம் காணாவிட்டால் கருகிவிடும், கார்த்திகைக் கடைசியில் ஒரே புயலில் கொட்டினால் கணக்கில் சரியாகிவிடும், வயலில் ஒன்றும் இருக்காது. அதனால் எத்தனை நாள் பெய்தது, இடையில் எத்தனை நாள் காய்ந்தது என்பதையும் ஊரில் யாராவது குறித்து வைக்க வேண்டும்.

இங்கே ஒரு விஷயம். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வெளிநாட்டில் இருப்பவர்கள், குத்தகைக்காரர் பயிர்க் காப்பீடு செய்யக் கேட்கும் காகிதங்களைத் தயவுசெய்து உடனே அனுப்புங்கள். சம்பாவுக்கு வழக்கமாக நவம்பர் 15தான் கடைசி நாள். வி.ஏ.ஓ.விடம் அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்ற சான்று) வாங்கவே அவர்கள் நாலு தடவை நடக்கிறார்கள், நம் கையெழுத்துக்காகவும் காத்திருக்க வைக்கக் கூடாது. பயிர் கருகினால் கடன் அவர்கள் தலையில்தான் விழும்.

ஊரிலேயே அளக்க வேண்டியது கொஞ்சம்தான். கண்மாயின் பெரிய மடைக்கல்லில் அடி, அரை அடி என்று பெயின்டில் கோடு போட்டுவிட்டால் ஒன்றாம் தேதி ஒரு போட்டோ போதும். பொதுக்கிணற்றில் கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி நனைந்த இடம் வரை அளக்கலாம், ஆனால் விடியற்காலையில், மோட்டார் போடுமுன் அளக்க வேண்டும், இறைத்த பிறகு அளந்தால் ஊறி வந்த மட்டம் தெரியாது. கூடவே உப்பும் பார்க்க வேண்டும். நம்ம பக்கம் கிணறு வற்றுவதற்கு முன்னாலேயே தண்ணீர் உவர்த்துவிடும், தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி அனுப்புகிறேன். காவிரிக் கூட்டுக் குடிநீர் குழாய் எத்தனை நாளைக்கு ஒரு தடவை வருகிறது என்பதையும் சேர்த்துக் குறித்தால் நல்லது.

என் கருத்து இதுதான்: பொங்கல் சமயம் கண்மாயில் பாதிக்குக் கீழே தண்ணீர் இருந்து, மழையும் பற்றாக்குறை என்றால், மறு ஆலோசனை இல்லாமல் தை மாதத்திலேயே பணத்தை விடுவிக்க வேண்டும். குடிநீர் ஊருணிக்கு வேலி போட்டு, குளிக்க, மாடு இறங்க விடாமல் அந்தத் தண்ணீரைக் குடிக்க மட்டும் வைக்கலாம். பழுதான அடிபம்புகளைச் சரிபார்க்கலாம். வைக்கோல் விலை ஏறுமுன் வாங்கிப் போடலாம். கோடையில் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் கலங்கலை வழித்துக் குடத்தை நிரப்ப ராத்திரி முழுக்க உட்கார்ந்திருப்பது நம் அக்கா தங்கைகள்தான், குடம் 10 ரூபாய்க்கு வாங்க வழியில்லாத வீடுகள் இன்னும் இருக்கின்றன.

ஊரில் இருக்கும் தம்பிகளில் மாதாமாதம் அளந்து போட்டோ அனுப்ப இரண்டு பேர் வேண்டும். பெயின்ட் செலவும் மீட்டரும் என் பொறுப்பு. பொங்கல் முடிவு பற்றி மறுப்பு இருக்கிறவர்கள் இந்த மடலுக்கே பதில் எழுதுங்கள், புரட்டாசி முடிவதற்குள் பேசி முடித்துவிடலாம்.