மறு: வெக்டார் மென்பொருளில் ‘பிரஷ்’: தூரிகையா, தீற்றலா?

குழுமத்தாருக்கு வணக்கம். வெக்டார் மென்பொருளில், அதாவது படப்புள்ளிகளால் அல்லாமல் வளைகோடுகளால் படம் வரையும் மென்பொருளில், ‘பிரஷ்’ சார்ந்த சொற்களுக்குத் தமிழ்ப் பெயர் தேடும் நம் உரையாடலுக்கு என் பதில் இது.

> பிரஷ் என்றால் தூரிகை. ஃபோட்டோஷாப்புக்கு அதுதான் சொல்கிறோம், இல்லஸ்ட்ரேட்டருக்கும் அதுவே போதுமே.

கருவியின் பெயராகத் தூரிகையே இருக்கட்டும். சிக்கல் அடுத்த படியில்தான். ஃபோட்டோஷாப்பிலோ கிரிட்டாவிலோ தூரிகையை இழுத்தால் படப்புள்ளிகள் நிறம் மாறும். பிறகு அந்தக் கோட்டை வளைக்க வேண்டுமென்றால் அழித்துத்தான் வரைய வேண்டும். வெக்டார் மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் பெயின்ட்பிரஷ் எடுத்து ஒரு புருவம் வரைந்து பாருங்கள். உள்ளே பதிவாவது சில நங்கூரப் புள்ளிகளும், வளைவை மாற்ற இழுக்கும் அவற்றின் கைப்பிடிகளும் கொண்ட பாதை (பாத்) மட்டுமே. மையின் தடிப்பு, நுனியின் கூர்மை எல்லாம் அந்தப் பாதை உடுத்தியிருக்கும் தோற்றம். பிரஷ் பலகத்தில் வேறொரு பிரஷ்ஷைத் தட்டினால் மைப் புருவம் கரிப் புருவமாகிவிடும். பாதை இம்மியும் நகராது.

இங்க்ஸ்கேப் என்ற இன்னொரு வெக்டார் மென்பொருளில் இது கோப்பிலேயே தெரியும். அது படத்தைச் சேமிக்கும் எஸ்விஜி என்ற கோப்பு வடிவத்தில் ஒரு கோட்டுக்கு முழு நீளத்துக்கும் ஒரே தடிப்புதான் கொடுக்க முடியும். அதனால் கோட்டின் தடிப்பை இடத்துக்கு இடம் மாற்றும் பவர் ஸ்ட்ரோக் விளைவைப் போட்டதும், தடித்து மெலியும் அந்த வடிவத்தின் புறவரையைப் பாதையாக எழுதிவிட்டு, நாம் வரைந்த மூலப் பாதையை ‘ஒரிஜினல்-டி’ என்ற பண்பில் தனியே வைத்துக்கொள்கிறது. மென்பொருளே இரண்டையும் பிரித்து வைத்திருக்கும்போது நாமும் பிரித்துச் சொல்வதுதான் முறை. வரைந்த வழி பாதை, அதன்மேல் ஏறுவது தூரிகை, இரண்டும் சேர்ந்து கண்ணில் படுவது தீற்றல். குழுமத்தில் வந்த ‘தூரிகைக் கோடு’ என்ற முன்மொழிவு எனக்கு ஒப்பாதது இதனால்தான். புதிதாகக் கற்பவர் கோட்டையும் பாதையையும் ஒன்றென்றே எடுத்துக்கொள்வார்.

இனி வகைப் பெயர்கள். ஆங்கிலப் பெயரைப் பெயர்க்காமல் தூரிகை செய்யும் வேலையைப் பார்த்துப் பெயரிடுவோம். வினைத்தொகை நமக்குக் கைகொடுக்கும். ஆர்ட் பிரஷ் ஓர் ஓவியத்தைப் பாதையின் நீளத்துக்கு இழுத்து நீட்டுகிறது: நீள்தூரிகை. ஸ்கேட்டர் பிரஷ் ஒரே உருவைப் பாதை நெடுகத் தூவுகிறது: தூவுதூரிகை. ‘தூவல் தூரிகை’ வேண்டாம். தூவலை எழுதுகோல் என்ற பொருளில் ஆள்வோர் இருக்கிறார்கள். காலிகிராஃபிக் பிரஷ்ஷுக்கு நுனியின் கோணமும் உருண்டைத் தன்மையும்தான் உயிர், ஆகவே சாய்நுனித் தூரிகை.

> பிளாப் பிரஷ் – குமிழ்த் தூரிகை

இதை ஏற்க முடியாது. 2008இல் சிஎஸ்4 பதிப்போடு வந்த இந்தக் கருவி, வரைந்ததை நேரே நிரப்பிய வடிவமாக்கி, அதே நிறத்தில் மேலே படுவதை அதனோடு சேர்த்துவிடுகிறது. நடுவே பாதை ஓடாது. குமிழுக்கு இங்கே என்ன வேலை? சேர்தூரிகை என்போம்.

நிஜத் தூரிகையின் மயிரிழைகள் போலத் தீற்றும் பிரிஸ்ல் பிரஷ்ஷுக்கு ‘மயிர்த்தூரிகை’ பொருளளவில் சரி. ஆனால் வகுப்பில் சொல்லக் கூசும் சொல் புழக்கத்துக்கு வராது. இழைத்தூரிகை என்றால் அந்த ஒளிபுகும் இழைகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதும் மனத்தில் வரும். (இந்தத் தீற்றல்கள் முப்பதைத் தாண்டினால் அச்சிடும்போது எச்சரிக்கை வரும், அவ்வளவு கனமானவை.)

நான் அதிகம் யோசித்தது பேட்டர்ன் பிரஷ்ஷுக்கு. அதில், பாதை நெடுக அடுக்கப்படும் ஐந்து ஓடுகள் (டைல்) வரை அமைக்கலாம்: பக்கம், வெளிமூலை, உள்மூலை, தொடக்கம், முடிவு. சேலைக் கரை போல ஓரம் முழுக்க ஒரே வேலைப்பாடு ஓடுவதால் கரைத்தூரிகை என்றுதான் முதலில் குறித்து வைத்திருந்தேன். ஆனால் ‘கரைத்தல்’ குறுக்கே வருகிறது. நிறத்தைக் கரைக்கும் தூரிகை என்று படிப்பவரைக் குறை சொல்ல முடியாது. இலங்கைக் கணிதப் பாடநூல்களில் பேட்டர்னுக்குக் கோலம் என்றே வழங்குகிறார்கள், ‘எண் கோலங்கள்’ என்று. பள்ளியில் வேரூன்றிவிட்ட சொல். கோலத்தூரிகை என்றே வைக்கலாம் என்பது என் வாக்கு. புள்ளிக் கோலம்தான் நினைவுக்கு வரும் என்ற மறுப்பு எனக்குப் பெரிதாகப் படவில்லை. அதுவும் ஓர் அலகு திரும்பத் திரும்ப வருவதுதானே.

எக்ஸ்பாண்ட் அப்பியரன்ஸ் ஒன்று மிச்சம். தீற்றலை நிலையான வடிவமாக்கிவிட்டு, பாதையின் தொடர்பை அறுக்கும் கட்டளை. ‘விரி’ என்றால் பெரிதாக்குதலோடு குழம்பும். ‘வடிவாக்கு’ சரிவருமா? நாள்தோறும் இதில் வரைபவர்கள் சொல்லுங்கள்.

அன்புடன்.