ஹெம்ப் போடலாமா? ஏக்கருக்கு அட்வான்ஸ் கேக்குறாங்க, அவசரம்

தாராபுரத்துக்காரன்:
வணக்கங்க. மூணு ஏக்கர், கிணத்துப் பாசனம். ரெண்டு வருஷமா மக்காச்சோளம் போட்டு படைப்புழுவுக்கு மருந்து அடிச்சே கைக்காசெல்லாம் போச்சு. போன வாரம் ஒரு ஏஜென்ட் வந்தாருங்க, ஹெம்ப்னு ஒரு பயிராம், தண்ணி கம்மி, மருந்தே வேண்டாம், நாலு மாசத்துல அறுவடை, நாரு விதை எல்லாம் நாங்களே எடுத்துக்கறோம், ஏக்கருக்கு இருபத்தஞ்சாயிரம் மட்டும் முன்னாடி கட்டுங்கன்னு சொல்றாரு. இது கஞ்சாச் செடிதானேடான்னு அப்பா பயப்படறாரு, அதெல்லாம் இல்ல சணப்பு மாதிரிதான்னு ஏஜென்ட் சொல்றாரு. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஏற்கனவே கட்டிட்டாரு. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கோர்ட் வாசல்:
தம்பி, காசு கட்டாதீங்க. அப்பா சொல்றதுதான் சரி. ஹெம்ப்பும் கஞ்சாவும் ஒரே இனம், போதை தர்ற டிஹெச்சி 0.3 சதவீதத்துக்குள்ள இருந்தா அத ஹெம்ப்ங்கறாங்க, அவ்வளவுதான். சணப்பு வேற, அது பயறு குடும்பம், பசுந்தாள் உரத்துக்குப் போடறது. 1985 என்டிபிஎஸ் சட்டத்துல, அதாவது போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துல, 14வது பிரிவுப்படி நாருக்கோ விதைக்கோ வளக்க அரசு அனுமதி குடுக்கலாம், அத வெச்சுத்தான் உத்தரகாண்ட்ல 2018ல லைசென்ஸ் குடுத்தாங்க. அந்த லைசென்ஸ் உங்களுக்குச் செல்லாது. அனுமதி இல்லாம வளத்தா 10 வருஷம் வரைக்கும் ஜெயில், 1 லட்சம் வரைக்கும் அபராதம். உங்க பேரும் சர்வே நம்பரும் போட்ட லைசென்ஸ காட்டச் சொல்லுங்க, அப்புறம் அந்தாளு போன எடுக்க மாட்டாரு.

மலைப்பாதை:
அந்த உத்தரகாண்ட்ல பௌரி பக்கம் ரோடு வேலையில நாலு வருஷம் இருந்தேன். அங்க இந்தச் செடிய பாங்னு சொல்லுவாங்க. விதைய வாணலியில வறுத்து மிளகா உப்பு போட்டு அம்மியில அரைச்சு எலுமிச்சை பிழிஞ்சு சட்னி வெப்பாங்க, போதையெல்லாம் கிடையாது, கிட்டத்தட்ட எள்ளுச் சட்னி ருசி. செடித் தண்டுகள ஓடையில கல்லு வெச்சு அமுக்கி ஊறப்போடுவாங்க, அப்புறம் பொம்பளைங்க வெயில்ல உக்காந்து ஒவ்வொரு குச்சியா நாரு உரிப்பாங்க. பொழுதுக்கும் உரிச்சாலும் ஒரு கைப்பிடி முடிச்சுதான் தேறும், மாடு கட்டற கயித்துக்குச் சரி. அத கூலி குடுத்துச் செஞ்சு வித்து லாபம் பாக்கறதுன்னா உரிக்கற மெஷின் பக்கத்துலயே வேணும். லைசென்ஸ் இருக்கற ஊர்லயே இதுதான் பெரிய சிக்கல்.

அக்ரி படிச்சவ:
அண்ணா, சட்டத்த விடுங்க, பயிரா பாத்தாலும் யோசிக்கணும். இது பகல் நீளத்தப் பாத்து பூக்கற செடி. ஐரோப்பாவுல கோடையில பகல் 16 மணி நேரம், சில இடத்துல அதுக்கு மேலயும் போகும், செடி ஆள் உயரம் தாண்டி வளந்துட்டுத்தான் பூக்கும். நம்ம ஊர்ல எந்த மாசமும் பகல் 13 மணி நேரத்தத் தொடாது, அந்த ரகத்த இங்க போட்டா முழங்கால் உயரத்துலயே பூ எடுத்துடும், நாருக்கு எங்க போறது? நமக்குத் தோதான ரகம் முதல்ல வரணும். விதைய சாப்பாட்டுப் பொருளா விக்க 2021ல மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் எஃப்எஸ்எஸ்ஏஐ ஒத்துக்கிட்டாங்க, அது நல்ல விஷயம்தான். ஆனா அமெரிக்காவுல 2018ல சட்டம் தளர்ந்ததும் எல்லாரும் ஒரேயடியா சிபிடி எண்ணெய்க்காக, அதாவது இந்தச் செடியில எடுக்கற போதை தராத எண்ணெய்க்காகப் போட்டு, வாங்க ஆளில்லாம விலை தரைமட்டமாயி விவசாயிங்க நொடிஞ்சு போனாங்க. ஈமு கோழி நம்ம பக்கம் பண்ணினது ஞாபகம் இருக்கில்ல. எனக்கு இந்தப் பயிர் மேல ஆசைதான், நல்ல நாரு, நல்ல எண்ணெய், அதுக்காகத்தான் இப்படி அவசரப்பட்டு யாரும் கெட்டுப்போகக் கூடாதுன்னு சொல்றேன்.

தாராபுரத்துக்காரன்:
ரொம்ப நன்றிங்க. நேத்து லைசென்ஸ் கேட்டேன், ஆபீஸ்ல இருக்குன்னு சொன்னாரு, எந்த ஆபீஸ்னு கேட்டா கட் பண்ணிட்டாரு. பக்கத்துத் தோட்டத்து மாமாவ எப்படியாவது காசத் திருப்பிக் கேக்கச் சொல்லணும். அக்கா, மேல சணப்பு பத்தி சொன்னாங்களே, அதையே இந்த மழைக்குப் போட்டா என்னங்க?

அக்ரி படிச்சவ:
தாராளமா போடுங்க. மஞ்சப் பூ எடுக்கற நேரம், 45 நாள் வாக்குல, மடக்கி உழுதுடுங்க, முத்த விட்டா தண்டு மக்காது. பணமா கைக்கு வராது, ஆனா மண்ணுக்குத் தழைச்சத்து சேரும், அடுத்த பயிருக்கு யூரியா செலவு குறையும். மாமாகிட்ட ரசீது இருக்கான்னு இன்னைக்கே கேளுங்க.