ஆய்வு மாணவர் சங்கப் பாராட்டு விழா: மேடையிலும் மேடைக்குக் கீழும் பார்த்தவை

தாவரவியல், இந்த ஆண்டுச் செயலாளர்

அடுத்த மாதம் எங்கள் ஆய்வு மாணவர் சங்கத்தின் பாராட்டு விழா. வழக்கம்போல செயற்குழுவில் சண்டை, யாரை மேடைக்குக் கூப்பிடுவது என்பதில். இதுவரை மூன்று பட்டியல் போடுவோம்: வைவா என்னும் வாய்மொழித் தேர்வை முடித்தவர்கள், ஜேஆர்எஃப் உதவித்தொகை வாங்கியவர்கள், ஸ்கோபஸ் தரவுத்தளத்தில் இருக்கும் பத்திரிகைகளில் கட்டுரை வந்தவர்கள். ஆளுக்கொரு பொன்னாடை, ஒரு கேடயம், ஒரு குரூப் போட்டோ. அப்புறம் மேடையில் இருக்கும் பெரியவர்கள் வரிசையாகப் பேசுவார்கள். பேசி முடிப்பதற்குள் சாம்பார் ஆறிப்போயிருக்கும்.

இந்த முறை ஒருவர் எழுந்து, "கட்டுரையோடு சேர்த்து, பத்திரிகையின் மதிப்பைக் காட்டும் இம்பாக்ட் ஃபேக்டரையும் வாசிக்கும் பழக்கத்தை விடுவோம்" என்றார். இன்னொருவர், "அதை விட்டால் ஆய்வை வழிநடத்தும் நெறியாளர் ஒருத்தரும் வரமாட்டார்" என்றார். இரண்டுமே உண்மைதான் என்று எனக்குப் பட்டது.

பழைய உறுப்பினர்களும் வேறு வளாகங்களில் இருப்பவர்களும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள். எது மனதில் நின்றது, எது வலித்தது? நல்லதை மட்டும் எழுத வேண்டாம், அதற்கு ஆண்டு மலர் இருக்கிறது.

வேதியியல், முடித்துவிட்டு இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறேன்

கேடயம் எங்கே இருக்கிறதென்று தெரியவில்லை. வைவா நாள் மட்டும் அப்படியே இருக்கிறது.

விதிப்படி வைவா பொதுவானது. ஆசிரியர்கள், ஆய்வு மாணவர்கள், துறையில் அக்கறை உள்ள யாரும் வந்து உட்காரலாம், கேள்வி கேட்கலாம். நடைமுறையில் நெறியாளர், வெளித்தேர்வாளர், லேபில் கூட இருக்கும் மூன்று பேர், பவர்பாயின்ட் தள்ளிக்கொடுக்க ஒரு ஜூனியர், அவ்வளவுதான் இருப்பார்கள். காலி நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டு ஐந்து வருட வேலையைச் சொல்ல வேண்டியிருக்கும். எங்கள் காலத்தில் சங்கம் அதை மாற்றியது. யாருடைய வைவா என்றாலும் பிற துறை ஆட்கள் வந்து கடைசி இரண்டு வரிசையை நிரப்ப வேண்டும், அவர்களில் ஒருவராவது ஒரு கேள்வி கேட்க வேண்டும். எழுதப்படாத சட்டம்.

என் வைவாவில் வெளித்தேர்வாளர் ரொம்பக் கறார். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் படங்களில் ஒவ்வொரு பீக்காகக் கேட்டுக்கொண்டே போனார். தொண்டை வறண்டு போன நேரத்தில் கடைசி வரிசையிலிருந்து வரலாற்றுத் துறை அண்ணன் ஒருவர் கை தூக்கினார். "நீங்க தயாரிச்ச பொருளை இப்படி மேஜை மேல வெச்சா என்ன ஆகும்?" காற்றில் இருக்கும் ஈரம் பட்டாலே கெட்டுப்போகும் என்றேன். "அப்போ இத்தனை வருஷமா எங்க வெச்சிருந்தீங்க?"

அவ்வளவுதான். க்ளவ் பாக்ஸைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் ஆர்கான் வாயு நிரப்பி, சுவரோடு ஒட்டிய ரப்பர் கையுறைக்குள் முழங்கை வரை கையை விட்டுக்கொண்டு, மூக்கு அரித்தால்கூடச் சொறிய முடியாமல் இரவெல்லாம் நின்றதை எல்லாம் சொன்னேன். கறாரான அந்தத் தேர்வாளர் பேனாவை மூடி வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு தன் மாணவப் பருவத்தில் கையுறையில் ஓட்டை விழுந்து ஒரு மாத வேலை போன கதையை அவரே சொன்னார். அதற்குமேல் கேள்விகளின் தொனியே மாறிவிட்டது.

முடிவு சொல்ல எங்களை வெளியே அனுப்பினார்கள். அம்மா ஒயர் கூடையில் ரவா லட்டு கொண்டுவந்து, ஒரு வார்த்தை புரியாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். "பாஸா?" என்று என்னைக் கேட்கவில்லை, அந்த வரலாற்று அண்ணனைக் கேட்டார். அவர், "அதெல்லாம் எப்பவோ பாஸ்மா" என்று சொல்லி முதல் லட்டை எடுத்துக்கொண்டார். பட்டத்துக்கு என்னைப் பரிந்துரைப்பதாக உள்ளே அறிவித்தது அதற்குப் பிறகுதான்.

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். வைவா அன்றைக்குச் சாப்பாடு, பூங்கொத்து, கார் எல்லாம் மாணவர் தலையில் விழும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. எந்த விதியிலும் அது கிடையாது. எங்கள் சங்கம் ஆளுக்கு ஐம்பது ரூபாய் வசூலித்து அந்தச் செலவைப் பங்குபோட்டுக்கொண்டது. பொன்னாடைக்குச் செலவழிப்பதை இதற்குத் திருப்பிவிடலாம் என்பது என் கட்சி.

இயற்பியல், இன்னும் முடிக்கவில்லை

வலித்ததைக் கேட்டீர்கள், நான் சொல்கிறேன்.

என் வேலை மிகக் குறைந்த வெப்பநிலையில் காந்தப் பண்புகளை அளப்பது. அதற்குத் திரவ ஹீலியம் வேண்டும், அதாவது மைனஸ் 269 டிகிரி. ஹீலியத்தைத் திரவமாக்கும் இயந்திரம் எங்கள் வளாகத்தில் பழுதாகி, உதிரிபாகம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்று ஓராண்டுக்கு மேல் மூடிக் கிடந்தது. அந்த ஆண்டு விழாவில் கட்டுரை எண்ணிக்கைப்படி பெயர் வாசித்தார்கள். ஏழு கட்டுரை, ஐந்து கட்டுரை என்று இறங்கி வந்தது பட்டியல். நான் அதில் எங்கேயும் இல்லை. பரவாயில்லை. ஆனால் ஏழு கட்டுரைக்காரரின் நாலு கட்டுரையில், எழுதியவர்கள் வரிசையில் அவர் பெயர் ஆறாவது இடத்திலோ எட்டாவது இடத்திலோ இருந்தது என்பது ஹாலில் இருந்த எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் கைதட்டினோம், நானும்தான்.

இன்னொருவருக்குக் கேடயம் வாங்கிக்கொடுத்த பத்திரிகை, அடுத்த விழா வருவதற்குள் ஸ்கோபஸ் பட்டியலை விட்டே போய்விட்டது. பணம் கட்டினால் மூன்று வாரத்தில் ஏற்றுக்கொள்ளும் வகை. கேடயத்தைத் திருப்பி வாங்கவா முடியும்?

யுஜிசி, அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016 விதிகளின்படி ஆய்வேடு கொடுக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும், இரண்டு கருத்தரங்கில் கட்டுரை வாசித்திருக்க வேண்டும். 2022 நவம்பரில் வந்த புது விதிகள் அந்தக் கட்டாயத்தை எடுத்துவிட்டன. யுஜிசியே எண்ணுவதை நிறுத்திவிட்டது, நம் சங்கம் மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறது. நெறியாளர்கள் வரமாட்டார்கள் என்றால் வராமல் இருக்கட்டுமே. அன்றைக்கு ஒரு நாளாவது நிம்மதியாகச் சாப்பிடலாம்.

தமிழ் இலக்கியம், பகுதி நேரம், பள்ளி ஆசிரியை

பகுதி நேர ஆய்வாளர்களைச் சங்க உறுப்பினர் என்பீர்கள், சந்தா வாங்குவீர்கள், விழாவை மட்டும் புதன்கிழமை மதியம் வைப்பீர்கள். எங்களுக்குப் பள்ளியில் லீவு யார் கொடுப்பார்கள்?

ஒரே ஒரு வருடம் ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். அந்த வருடம்தான் "மூன்று நிமிட ஆய்வேடு" போட்டியும் நடந்தது. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2008இல் தொடங்கியது அது. ஒரே ஒரு ஸ்லைடு, அசையும் படம் கூடாது, மூன்று நிமிடம் தாண்டினால் ஆள் அவுட். எண்பதாயிரம் சொல் கொண்ட ஆய்வேட்டை வாய்விட்டுப் படித்தால் ஒன்பது மணி நேரம் ஆகுமாம், அதை மூன்று நிமிடத்தில் சொல்ல வேண்டும். எல்லோரும் ஆங்கிலத்தில் தயாராகி வந்திருந்தார்கள். நான் தமிழில்தான் பேசுவேன் என்றேன். நடுவர்கள் கொஞ்சம் யோசித்துவிட்டு, சரி என்றார்கள்.

என் தலைப்பு கல்வெட்டுகளில் ஊராட்சிச் சொற்கள். உத்திரமேரூர்க் கல்வெட்டை எடுத்துக்கொண்டேன். முதலாம் பராந்தகன் காலம், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கம். ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர (ஆண்டு) வாரியம் என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு குழு. குழுவில் உட்காரத் தகுதி என்ன என்று விரிவாகப் பொறித்து வைத்திருக்கிறார்கள். வயது முப்பத்தைந்துக்கு மேல், எழுபதுக்குள். வரி செலுத்தும் நிலம் கால் வேலியாவது (வேலி பழைய நில அளவு) வேண்டும். தகுதி உள்ளவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். முன்வரிசையில் இருந்த கணினி அறிவியல் தம்பி, "ரேண்டம் சாம்ப்ளிங்க்கா!" என்று கத்தினான்.

அடுத்து, யாருக்கெல்லாம் தகுதி கிடையாது என்பதற்கு வந்தேன். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு இடமில்லை. அவருக்கு மட்டுமில்லை, அவருடைய உறவினர்களுக்கும் இடமில்லை. இதைச் சொன்னதும் மொத்த ஹாலும் திரும்பி எங்கள் சங்கப் பொருளாளரைப் பார்த்தது. அவர் இரண்டு வருடக் கணக்கை அறிவிப்புப் பலகையில் அப்போதும் ஒட்டவில்லை. சிரிப்பு அடங்குவதற்குள் என் மூன்று நிமிடமும் போய்விட்டது, பரிசு கிடைக்கவில்லை.

ஆனால் அன்றைக்கு மாலை நாலு அறிவியல் துறை ஆட்கள் வந்து, உத்திரமேரூருக்கு எப்படிப் போவது என்று கேட்டார்கள். காஞ்சிபுரத்திலிருந்து பஸ் இருக்கிறது என்றேன். போயும் வந்தார்கள், போட்டோ அனுப்பினார்கள். ஸ்கோபஸ் என்றால் என்னவென்றே என் துறையில் பாதிப் பேருக்குத் தெரியாது. தரமானவை என்று யுஜிசி வகுத்த கேர் பட்டியலில் இருக்கும் பத்திரிகை என்றுதான் ஓடிக்கொண்டிருந்தோம், அதையும் 2025 பிப்ரவரியில் எடுத்துவிட்டார்கள். என் ஆய்வைப் பற்றி என் துறைக்கு வெளியே ஒருவர் கேட்டது அன்றைக்குத்தான்.

இன்னொரு விஷயம். ஆறு வருடத்தில் முடிக்க வேண்டும் என்பது விதி. பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு வருடம், பிரசவ விடுப்பு 240 நாள் வரை. இந்தச் சலுகையில் முடித்தவர்கள் மேடைக்கு வரும்போது, அறிவிப்பாளர் "நீண்ட காலத்துக்குப் பிறகு" என்று ஆரம்பிக்கிறார். தயவுசெய்து அந்த வாக்கியத்தை இந்த ஆண்டு வெட்டிவிடுங்கள்.

பொருளியல், மத்தியப் பல்கலைக்கழகம் ஒன்றில்

சின்ன அனுபவம். 2023இல் ஜேஆர்எஃப் தொகை 31,000 ரூபாயிலிருந்து 37,000 ஆக உயர்ந்தது, மூத்த ஆய்வாளர்களுக்கான எஸ்ஆர்எஃப் 35,000லிருந்து 42,000. ஜனவரி முதல் தேதியிட்டுக் கணக்கு. அதற்கு முன் நாடு முழுக்க ஆய்வு மாணவர்கள் தட்டி பிடித்து நின்றார்கள், எங்கள் வளாகத்திலும்தான். ஆணை வந்த அன்று சங்கம் கேன்டீனில் எல்லோருக்கும் டீ, வடை வாங்கிக் கொடுத்தது.

நான் நெட் என்னும் தேசியத் தகுதித் தேர்வு இல்லாமல் சேர்ந்தவன். எங்களுக்கு மாதம் 8,000, அதில் ஒரு ரூபாய்கூட ஏறவில்லை. இருந்தாலும் அந்தப் போராட்டத்தில் நாங்களும் நின்றோம். வடையைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் இருந்த எஸ்ஆர்எஃப் அக்கா, "அடுத்தது உங்களுக்குத்தான் கேட்கணும்" என்றார். மறுவாரமே மனு எழுதி, ஜேஆர்எஃப் வாங்குபவர்களிடமெல்லாம் கையெழுத்து வாங்கினார். மனு இன்னும் எங்கேயோ இருக்கிறது. எனக்கு அந்தக் கையெழுத்துப் பக்கங்கள்தான் பாராட்டு விழா.

உயிர்வேதியியல், ஜெர்மனியில் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளர்)

நான் இருப்பது கோட்டிங்கன் நகரம். இங்கே முனைவர் பட்டம் முடித்தவரைக் கொண்டாடும் விதமே தனி. லேப் நண்பர்கள் சேர்ந்து அட்டையில் ஒரு தொப்பி செய்வார்கள். அதன் மேல் அந்த ஆளின் ஆராய்ச்சி, பழக்கவழக்கம், கிண்டல் எல்லாவற்றையும் ஒட்டி வைப்பார்கள். வைவா முடிந்து வெளியே வந்ததும் தலையில் அதைக் கவிழ்த்து, பூவும் பலூனும் கட்டிய இழுவண்டியில் உட்கார வைத்து, பழைய நகர மன்றத்துக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போவார்கள். அங்கே 1901இல் அமைத்த நீரூற்றில் வாத்து மேய்க்கும் பெண்ணின் சிலை ஒன்று இருக்கிறது. புது டாக்டர் ஏறிப்போய்ப் பூங்கொத்தை வைத்துவிட்டு, சிலைக்கு ஒரு முத்தம் கொடுக்க வேண்டும். 1926இல் நகராட்சி இதற்குத் தடைகூடப் போட்டது, யார் கேட்டார்கள்?

எங்கள் லேபில் முடித்த ஒரு தமிழ்ப் பெண்ணுக்குத் தொப்பி செய்ததில் எனக்கும் பங்கு உண்டு. புரதத்தின் மாதிரியைக் கலர் பைப்பால் சுருட்டி வைத்தோம், உடைந்த பைப்பெட் ஒன்று, அவள் தினமும் திட்டும் சென்ட்ரிஃப்யூஜின் படம். உச்சியில் என் வீட்டு டபராவும் டம்ளரும். சென்னையில் இருந்த அப்பா அம்மா வீடியோ காலில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சிலைக்கு முத்தம் கொடுக்கும் கட்டம் வந்ததும் அவள் போனைத் திருப்பிப் பிடிக்கச் சொன்னாள். நான் திருப்பவில்லை. அந்தப் பக்கமிருந்து அப்பாவின் குரல், "ஏம்மா, பாத்து ஏறு, வழுக்கும்!"

ஊரில் இருந்தபோது எங்கள் சங்கமும் விழா நடத்தியது. என் பெயரைத் தப்பாக வாசித்தார்கள், துறையையும் தப்பாக வாசித்தார்கள். அட்டைத் தொப்பிக்கு இருநூறு ரூபாய்கூட ஆகாது. ஆனால் அதைச் செய்ய அந்த ஆள் என்ன ஆராய்ச்சி செய்தார் என்று நாலு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தாவரவியல், செயலாளர்

எல்லோருக்கும் நன்றி. நேற்று செயற்குழுவில் இவற்றை வாசித்தோம். முடிவானவை மட்டும் சொல்கிறேன்.

விழா ஞாயிற்றுக்கிழமைக்கு மாறுகிறது. இம்பாக்ட் ஃபேக்டர் கிடையாது. கட்டுரைப் பட்டியலை வாசிக்காமல், கட்டுரைகளின் முதல் பக்கங்களை மட்டும் ஹால் வாசலில் ஒட்டிவிடுவோம், வேண்டியவர்கள் நின்று படிக்கட்டும். வைவா முடித்த ஒவ்வொருவரைப் பற்றியும் வேறு துறை ஆள் ஒருவர் இரண்டு நிமிடம் பேச வேண்டும். பேசப்போகிறவர் அதற்கு முன் அந்த ஆய்வாளரோடு ஒரு டீயாவது குடித்திருக்க வேண்டும். பொன்னாடைப் பணம் வைவாச் செலவு நிதிக்குப் போகிறது. இதில் மட்டும் வாக்கெடுப்பு நடந்தது, ஒரே ஓட்டில் தப்பித்தது. "நீண்ட காலத்துக்குப் பிறகு" வெட்டப்பட்டுவிட்டது. இயற்பியல் தோழர் ஹீலியம் இயந்திரக் கதையைப் பத்து நிமிடம் பேச ஒப்புக்கொண்டிருக்கிறார். பதிவாளரும் வருகிறார் என்று சொல்லியிருக்கிறோம், அதற்கும் சரி என்றுவிட்டார்.

அப்புறம், கணக்கு. இரண்டு வருட வரவு செலவும் வெள்ளிக்கிழமைக்குள் அறிவிப்புப் பலகைக்கு வந்துவிடும். இப்போதைய பொருளாளர் முந்தையவரின் சொந்தத் தம்பி என்பதை யாரோ தமிழ் இலக்கிய மேடத்திடம் சொல்லியிருக்கிறார்கள்.