ஜொகூரில் ஒரு எண், சிங்கப்பூரில் வேறு எண், ஏன்?

கேள்வி: புகைமூட்ட நாள்களில் ஜொகூர் பாருவில் ஏபிஐ (மலேசியாவின் காற்று மாசுக் குறியீடு) பார்த்துத்தான் மகனைப் பள்ளிக்கு அனுப்புகிறேன். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் தங்கை அவர்களுடைய குறியீடான பிஎஸ்ஐ பார்க்கிறாள். ஒரே புகைதானே?

பதில்: ஒவ்வொரு நாட்டுக்கும் தனிக் கணக்கு, அக்கா. பிஎம் 2.5 நுண்துகளைச் சிங்கப்பூர் தன் குறியீட்டில் 2014-இல் சேர்த்தது, மலேசியா 2018-இல்தான் சேர்த்தது.

இன்னொருவர்: ஆசியான் புகைமூட்ட ஒப்பந்தம் 2002-இலேயே கையெழுத்தானது. இந்தோனேசியா 2014-இல்தான் அதை ஏற்றது. சுமத்ரா, போர்னியோ தீப்புள்ளிகளைச் சிங்கப்பூரில் உள்ள ஆசியான் வானிலை மையம் செயற்கைக்கோள் மூலம் எல்லோருக்குமாகக் கண்காணிக்கிறது. காற்றுக்கும் அப்படி ஒரே குறியீடு வந்தே ஆக வேண்டும்.

கேட்டவர்: மகனுக்கு இழுப்பு, அதனால்தான் கவலை. சரி, பிஎம் 2.5-ஐ மட்டும் ஒப்பிடலாமா?

பதில்: தாராளமாக. அது காற்றில் எத்தனை மைக்ரோகிராம் துகள் என்ற அளவு, மைக்ரோகிராம் எங்கும் ஒன்றுதான். ஒரு மணி நேர அளவா, 24 மணி நேரச் சராசரியா என்று மட்டும் பாருங்கள்.