சீன மேடையில் வெளிநாட்டவர் நிலைக்க முடியுமா?

கேள்வி: என் தங்கை பெய்ஜிங்கில் சீன மொழி படிக்கிறாள். கல்லூரி விழாவில் ஒரு நாடகம் நடித்ததிலிருந்து, இனி மேடைதான் என்கிறாள். வீட்டில் ஒரே கவலை. அங்கே அப்படி நிலைத்த வெளிநாட்டவர் யாராவது உண்டா?

பதில் 1: உண்டு தம்பி. கனடாக்காரர் மார்க் ரோஸ்வெல். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் சீனம் படித்துவிட்டு, 1988இல் உதவித்தொகையோடு பீக்கிங் பல்கலைக்கழகம் போனார். அந்த ஆண்டே தொலைக்காட்சியில் ஒரு குறுநாடகம். அதில் அவர் பாத்திரத்தின் பெயர் டாஷான், அதாவது 'பெரிய மலை'. அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. அப்புறம் செய்ததுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது: 1989இல் ஜியாங் குன் என்ற கலைஞரிடம் முறைப்படி சீடராகச் சேர்ந்து சியாங்ஷெங் கற்றார். பெரும்பாலும் இருவர் நின்று, சொல்லுக்குச் சொல் மடக்கிச் சிரிக்க வைக்கும் கலை அது. சிலேடை பிடிபடாவிட்டால் ஒரு வரிகூட எடுபடாது.

பதில் 2: நானும் சீனம் படித்தவள். 'மா' என்றால் தொனியைப் பொறுத்து அம்மா, இல்லை குதிரை. அது என் நாக்கில் படியவே ஓராண்டு ஆனது. தங்கையை முதலில் நல்ல குருவாகத் தேடச் சொல்லுங்கள்.

கேட்டவர்: நன்றி அக்கா, அண்ணா. குருவிடம் சேர்ந்த கதையை இன்றிரவே அப்பாவிடம் சொல்கிறேன்.