எரிக் டால்ஃபியின் புல்லாங்குழல்: எந்தப் பதிவில் தொடங்கலாம்?

கேள்வி:
அமெரிக்க ஜாஸ் கலைஞர் டால்ஃபி ஆல்டோ சாக்ஸ், பேஸ் கிளாரினெட், புல்லாங்குழல் மூன்றும் வாசித்தவர். ஆனா 'அவுட் டு லஞ்ச்' ஆல்பத்தில் குழல் 'கட்ஸெல்லோனி' ஒன்றில்தான் வருது. குழலை மட்டும் பிடித்துக் கேட்க எந்த வரிசை சரி? 'லாஸ்ட் டேட்' நிஜமாவே கடைசிப் பதிவா?

பதில் 1:
வெளியான ஆண்டைப் பார்க்காதீங்க, பதிவான தேதியைப் பாருங்க. பாதிக் குழப்பம் அதிலேயே தீரும். 'அவுட் டு லஞ்ச்' பதிவானது 1964 பிப்ரவரி 25. கடைக்கு வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

முதலில் 'அவுட்வர்ட் பவுண்ட்' (1960 ஏப்ரல் 1), அதில் 'க்ளாட் டு பி அன்ஹாப்பி'. அடுத்து 'ஃபார் க்ரை' (1960 டிசம்பர் 21), அதில் 'லெஃப்ட் அலோன்'. அதே நாளில்தான் ஆர்னெட் கோல்மனின் கட்டற்ற கூட்டு வாசிப்பான 'ஃப்ரீ ஜாஸ்' பதிவிலும் பேஸ் கிளாரினெட் வாசித்தார்! ஒரே நாளில் இப்படி இரண்டு உலகம்.

'லாஸ்ட் டேட்' 1964 ஜூன் 2, நெதர்லாந்தின் ஹில்வர்சம். பெயர்தான் அப்படி. ஜூன் 11-இல் பாரிஸில் வாசித்த பதிவும் இருக்கு. ஜூன் 29-இல் மேற்கு பெர்லினில் இறந்தார், வயது 36. சர்க்கரை நோய் இருந்தது அதுவரை தெரியாமலே இருந்தது. ஆனாலும் 'லாஸ்ட் டேட்'டில் வரும் 'யூ டோன்ட் நோ வாட் லவ் இஸ்' பதினோரு நிமிடத்துக்கு மேல் போகும். ஜாஸ் குழலில் அதற்கு இணையா எதையும் என்னால் சொல்ல முடியாது.

பதில் 2:
1961 ஜூலை 16, நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் கிளப் கச்சேரியை விட்டுட்டீங்களே. இரண்டாம் தொகுதியில் 'லைக் சம்ஒன் இன் லவ்' குழலில்தான், ஏறக்குறைய இருபது நிமிடம். ஒரு எச்சரிக்கை: அங்கிருந்த பியானோ சுருதி சரியில்லாதது. குழல் விலகிப் போறதா தோன்றினால் உடனே டால்ஃபியைக் குறை சொல்லாதீங்க. ரிச்சர்ட் டேவிஸின் பேஸோடு (தாழ்ந்த ஸ்தாயித் தந்தி வாத்தியம்) ஒப்பிட்டுக் கேளுங்க. டிரம்பெட் வாசித்த புக்கர் லிட்டில் அந்த அக்டோபரிலேயே 23 வயதில் போய்விட்டார்.

பதில் 3:
மூன்று வாத்தியமும் மாற்றி வாசிப்பது எவ்வளவு கடினம்னு தெரிஞ்சா கேட்கிற விதமே மாறும். சாக்ஸில் ரீட் (ஊதுமுனையில் இருக்கும் மெல்லிய நாணல் பட்டை) அதிருது, உதடு அதை இறுக்கிப் பிடிக்கணும். குழலில் ரீட் கிடையாது. உதட்டிலிருந்து வரும் காற்று துளையின் விளிம்பில் போய் மோதணும். சாக்ஸ் இறுக்கத்தோடவே குழலை எடுத்தால் தொனி மெலிஞ்சு காற்றுச் சத்தம்தான் மிஞ்சும். விரலிலும் சிக்கல்: மேல் ஸ்தாயிக்குப் போனால் சாக்ஸும் குழலும் ஒரு ஆக்டேவ் தாவும், கிளாரினெட் அதையும் தாண்டி பன்னிரண்டாம் ஸ்வரத்துக்குத் தாவும்.

பறவைகளின் குரலில் நம்ம ஸ்வரங்களுக்கு நடுவே இருக்கிற ஸ்வரங்கள் உண்டு, இந்திய இசையிலும் அந்தக் கால் ஸ்வரங்கள் (குவார்ட்டர் டோன்) இருக்கு என்று 1962-இல் டவுன்பீட் ஜாஸ் இதழில் டால்ஃபி சொன்னார். குழலை உதட்டை நோக்கி லேசா உருட்டினால் சுருதி இறங்கும், வெளியே உருட்டினால் ஏறும். 'கட்ஸெல்லோனி'யை இதோட கேளுங்க. பியானோ இல்லை, பாபி ஹட்சர்சனின் வைப்ரஃபோன்தான் (உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிப்பது). அது விட்டுவைக்கிற இடைவெளியில் குழலின் ஒவ்வொரு வளைவும் தனியா காதில் விழும்.