புதிய ஆன்டிபயாடிக் பழையதைவிடக் 'குறைந்ததன்று' என்று காட்டினால் போதுமா?

கேள்வி
புதிய ஆன்டிபயாடிக்குகளின் மருத்துவச் சோதனை முடிவுகளைப் படிக்கும்போது, புதியது சிறந்தது என்று சொல்லாமல், வழக்கத்திலுள்ள மருந்தைவிடக் 'குறைந்ததன்று' என்று மட்டும் முடித்திருப்பதையே பெரும்பாலும் காண்கிறேன். மருந்துப்போலியோடு ஒப்பிட்டால் பலன் நேராகத் தெரிந்துவிடுமே, ஏன் இந்தச் சுற்றுவழி? பாதுகாப்பும் இதிலேயே உறுதியாகிவிடுகிறதா?

பதில் 1
உயிருக்கு ஆபத்தான தொற்றுக்குப் பலன் தரும் மருந்து கையில் இருக்கும்போது, நோயாளிகளில் பாதிப் பேருக்கு வெறும் மாத்திரையைக் கொடுப்பது அறமாகாது. 1948இல் வெளிவந்த ஸ்ட்ரெப்டோமைசின் காசநோய் ஆய்வில் ஒரு பிரிவினருக்குப் படுக்கை ஓய்வு மட்டுமே அளிக்க முடிந்ததற்குக் காரணம், அன்று பிரிட்டனில் அம்மருந்து எல்லோருக்கும் போதுமான அளவில் இல்லாததே. இன்று அந்த நிலை இல்லை. ஆகவே புதியதை வழக்கத்திலுள்ள மருந்தோடு ஒப்பிட்டு, அதைவிட எவ்வளவு பின்தங்கினால் பொறுத்துக்கொள்ளலாம் என்ற வரம்பை முன்கூட்டியே வகுத்துக்கொள்கிறார்கள்; பல ஆய்வுகளில் அது குணமடைவோர் விகிதத்தில் 10 சதவீதப் புள்ளிகள். என்னைக் கேட்டால், முடிவுரையைப் படிக்கும் முன் அந்த வரம்பைத்தான் தேடிப் படிக்க வேண்டும்.

பதில் 2
பாதுகாப்பைப் பற்றிய கேள்விக்கு, உறுதியாகிவிடுவதில்லை என்பதே விடை. 3,000 பேரில் ஒருவருக்கும் ஒரு பக்க விளைவு நேரவில்லை என்றாலும், அது ஆயிரத்தில் ஒருவருக்கு நேரும் வாய்ப்பை விலக்க முடியாது. டைஜிசைக்ளின் என்னும் ஆன்டிபயாடிக் இதற்குத் தக்க சான்று. அது 2005இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தனித்தனி ஆய்வுகளில் பெரிதாகத் தெரியாத ஒன்று, 13 ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தபோது தெரிந்தது. டைஜிசைக்ளின் பெற்றவர்களில் 4.0 சதவீதத்தினரும், ஒப்பீட்டு மருந்துகளைப் பெற்றவர்களில் 3.0 சதவீதத்தினரும் இறந்திருந்தனர். செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களுக்கு வந்த நிமோனியாவில் இந்த வேறுபாடு இன்னும் கூடுதலாக இருந்தது. 2013இல் அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் மருந்தின் விவரக்குறிப்பில் மிகக் கடுமையான எச்சரிக்கை வகையான கட்டமிட்ட எச்சரிக்கையைச் சேர்த்தது.

கேட்டவர்
அப்படியானால் இந்த முறையே நம்பத்தகாததா?

பதில் 2
அப்படிச் சொல்ல மாட்டேன். எந்தக் கேள்விக்கு விடை தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. மருந்தை எத்தனை நாள் கொடுப்பது என்ற கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. இரத்தத்தில் பாக்டீரியா கலந்த 3,608 நோயாளிகளிடம் 7 நாள் சிகிச்சையை 14 நாள் சிகிச்சையோடு ஒப்பிட்டு, 2024இல் வெளிவந்த பேலன்ஸ் ஆய்வில் வரம்பு 4 புள்ளிகள்தாம். 90 நாளுக்குள் இறந்தோர் 7 நாள் பிரிவில் 14.5 சதவீதம், 14 நாள் பிரிவில் 16.1 சதவீதம். பாதி நாள் மருந்தைத் தவிர்ப்பதே இங்கு நோயாளிக்குக் கிடைக்கும் ஆதாயம் என்பதால், 'குறைந்ததன்று' என்ற விடையே போதுமானது. ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற பாக்டீரியாவின் தொற்று உள்ளவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. ஆகவே அவர்களுக்கு இந்த விடை பொருந்தாது.